இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் மஞ்சள்

ஜனவரி 19, ஞாயிறு

பூனை குறுக்கே போனது என்றால், யாருக்குக் குறுக்கே? இரண்டு பேர் எதிரெதிராக நிற்கிறார்கள். நடுவில் பூனை போகிறது. ஒருவருக்கு அது இடமிருந்து வலம், மற்றவருக்கு வலமிருந்து இடம். முதலாமவருக்கு நல்லது, இரண்டாமவருக்குக் கெட்டது என்கிறார்கள். அப்படியானால் அது நல்ல பூனையா, கெட்ட பூனையா? இத்தனை வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியும் எனக்கு விடை தெரியவில்லை.

இன்று காலை நடந்ததை எழுதிவைக்கிறேன். கீழ்வீட்டு ராஜாமணி அக்காவின் மகள் சிந்துஜாவைப் பெண் பார்க்கப் பொள்ளாச்சியிலிருந்து வந்தார்கள். கார் கேட்டுக்குள் வந்து நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா முதலில் ஒரு காலைக் கீழே வைத்தார். ராஜாமணி அக்கா வாசலில் நின்று கும்பிட்டார். இருவருக்கும் நடுவே என் வீட்டுப் பூனை ஓடியது. பெரியப்பா வைத்த காலை எடுத்துக் காருக்குள்ளேயே மறுபடி வைத்துக்கொண்டார். "இன்னொரு நாளைக்கு வர்றோமுங்க" என்று மட்டும் கேட்டது. கார் பின்பக்கமாகவே வெளியே போய்விட்டது.

நான் இரண்டாவது மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மேலிருந்து பார்த்தால் இடமும் இல்லை, வலமும் இல்லை. ஒரு பூனை போகிறது, அவ்வளவுதான்.

ராஜாமணி அக்கா பட்டுப்புடவையோடு மேலே ஏறி வந்தார். 

"மேடம், உங்க பூனை என் குடியைக் கெடுத்துருச்சுங்க."

"அது என் பூனை இல்லீங்கக்கா. ரெண்டு வருஷமா என் வீட்டுல இருக்குது, அவ்வளவுதான்."

"சோறு போடறது யாருங்க?"

"நான்தான்."

"அப்பறம்?"

அதற்கும் என்னிடம் விடை இல்லை. ஒரே நாளில் இரண்டு.

அவர் போன பிறகு கீழே இறங்கிப் பார்த்தேன். கேட்டோரம் செம்பருத்தித் தொட்டிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு கொட்டியிருந்தார்கள். பெண் பார்க்கும் நாளில் கருவாடு வாங்குகிறவர்கள் யார்? பெருக்கித் தள்ளிவிட்டு வந்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

அடுக்ககச் சங்கக் கூட்டம். வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். செயலர் மருதாசலம் ஐயா ஓய்வுபெற்ற மில் மேலாளர். எதையும் தீர்மானமாக்கிவிட்டால்தான் அவருக்குச் சாப்பாடு செரிக்கும்.

"பூனையை வூட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டிருங்க அம்மிணி" என்றார்.

பூட்டினால் அது கத்தும் கத்தலுக்கு மூன்றாவது மாடிக்காரர்கள் ஏற்கெனவே ஒரு புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று அவருக்கே நினைவு வந்தது. கடைசியில் தீர்மானம் இப்படி ஆனது: பூனை வெளியே வந்தால் கயிற்றோடு வரவேண்டும், கயிறு என் கையில் இருக்கவேண்டும். இனி ஒரு தடவை எவருக்காவது கெட்ட சகுனமாகக் குறுக்கே போனால் அடுக்ககத்தைவிட்டு அனுப்பிவிட வேண்டும். அடுத்த கூட்டத்தில் பார்த்து முடிவு.

"பூனையைக் கயித்துல கட்டி நடத்தறதுங்களா?" என்று யாரோ சிரித்தார்கள்.

"மேடம் எத்தனை பிள்ளைகளை நடத்தியிருக்காங்க" என்றார் ராஜாமணி அக்கா. அது பாராட்டு இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

பூனைக்குப் பட்டை வந்துவிட்டது. கழுத்தில் மாட்டுவதில்லை. மார்பையும் வயிற்றையும் சுற்றிக் கட்டி, முதுகில் கயிறு கோக்கும் மாதிரி. நீல நிறம்.

பூனையின் பெயர் மிக்சர். சிந்துஜா வைத்தது. பொட்டலத்து மிக்சர்போல எல்லா நிறமும் அதில் இருக்கிறதாம். நான் அதைப் 'பூனை' என்றுதான் கூப்பிடுவேன். வராது. 'மிக்சர்' என்றால் வருகிறது. எனவே வசதிக்காக.

பட்டையை இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா போட்டுவைத்துப் பழக்க வேண்டும் என்று படித்தேன். அவசரப்படக் கூடாதாம். எனக்கு அவசரம் எதுவும் இல்லை. இன்றே மாட்டிப் பார்த்தேன்.

ஜனவரி 25, சனி

படித்ததுதான் சரி. பட்டை மாட்டியதும் பூனை பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்தது. செத்துவிட்டதோ என்று பயந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு விட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. தேர்வுக்கு வந்துவிட்டு வினாத்தாளைத் தொடாமலே உட்கார்ந்திருக்கும் மாணவிகளின் பார்வை அது. எனக்குப் பழக்கமானது.

தூக்கி நிறுத்தினேன். சாய்ந்தது. மறுபடி நிறுத்தினேன். சாய்ந்தது. அவிழ்த்ததும் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோலச் சமையலறைக்குப் போனது.

ஜனவரி 29, புதன்

முன்னேற்றம். வறுத்த நெத்திலி ஒன்று ஓரடி தள்ளி வைத்தால் பட்டையோடு ஊர்ந்து வருகிறது. வயிறு தரையில் தேய, பதுங்கு குழியில் போகிற சிப்பாய் மாதிரி.

ஒன்று கவனித்தேன். பசியாக இருந்தால் நடக்கிறது. வயிறு நிறைந்திருந்தால் பட்டையோடு நாலடி வைத்ததும் படுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு நெத்திலி என்ன, நெய்மீனே வைத்தாலும் அசைவதில்லை. ஆகவே நடைக்கு முன்னால் சாப்பாடு போடக் கூடாது.

கல்லூரியில் உள்தேர்வு விடைத்தாள் கட்டு இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

பிப்ரவரி 1, சனி

முதல் தடவை வெளியே. படியில் தானாக இறங்கவிட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் பாய்ந்துவிடுமாம், எனவே தூக்கிக்கொண்டு போய்க் கீழே விட்டேன். வண்டிகளுக்கு நடுவே நின்று காதைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் கேட்டது. பிறகு நடந்தது. வால் மேலே. நான் பின்னாலே.

கயிற்றை இழுக்கக் கூடாது என்பது முக்கியமான விதி. அது நின்றால் நான் நிற்க வேண்டும், முகர்ந்தால் காத்திருக்க வேண்டும், திரும்பினால் நானும் திரும்ப வேண்டும். யார் யாரைப் பழக்குகிறார்கள் என்று மருதாசலம் ஐயா மாடியிலிருந்து கேட்டார். காதில் விழாததுபோல இருந்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

புதிய சிக்கல். காலையில் நடைக்குப் போனபோது முதல் மாடிக்காரர் அலுவலகத்துக்குக் கிளம்பி வந்தார். பூனை அவருக்கு முன்னால் போனது. அவர் திரும்பி வீட்டுக்குள் போய், ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்கினார். இந்தப் பக்கத்தில் அதுதான் பரிகாரம். போய்த் தண்ணீர் குடித்தால் சகுனம் கழிந்துவிடுகிறது, தீர்மானத்துக்கும் வேலையில்லை. தண்ணீருக்கும் பூனைக்கும் என்ன தொடர்பு என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பேருந்தை விட்டுவிடுவார்.

மாலையில் மருதாசலம் ஐயா அழைத்தார்.

"அம்மிணி, முந்தி அது சும்மா போச்சு. அது தெய்வச் செயலுங்க. இப்ப நீங்க கயித்துல புடிச்சுக் கூட்டிட்டு வர்றீங்க. அப்ப அது உங்க செயலுங்க."

"கயிற்றோடு வரணும்னு நீங்கதான தீர்மானம் போட்டீங்க?"

"ஆமாங். தப்புப் பண்ணிட்டமாட்டத் தெரியுது."

கயிறு கட்டியதும் கடவுள் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். இப்போது நான்.

பிப்ரவரி 6, வியாழன்

ஒரு கண்டுபிடிப்பு. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மிக்சரின் இடப்பக்க விலா முழுக்கக் கறுப்பு. வலப்பக்க விலா முழுக்க மஞ்சள். இதுவரை நிறத்தைப் பற்றி யோசித்ததில்லை. அது உங்களுக்கு முன்னால் இடமிருந்து வலமாகப் போனால், உங்கள் பக்கம் இருப்பது அதன் வலது விலா: மஞ்சள் பூனை, நல்ல திசை. வலமிருந்து இடமாகப் போனால், இடது விலா: கறுப்புப் பூனை, கெட்ட திசை. எப்போதும் இப்படித்தான். விதிவிலக்கே இல்லை.

மருதாசலம் ஐயாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "பாத்தீங்களா, படைச்சவன் கணக்குப் போட்டுத்தானுங்க படைச்சிருக்கறான்" என்றார். ஒரே ஒரு உதாரணத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்றேன். "பத்துப் பூனைக்கு எங்கீங்க போறது?" என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வாய் தவறியதன் பலன். முதல் மாடிக்காரரின் மனைவி வந்தார். பையனுக்கு நாளை நேர்முகத் தேர்வாம். காலையில் அவன் கிளம்பும்போது பூனையை "மஞ்சப் பக்கமா" கொஞ்சம் நடத்த முடியுமா?

முடியாது என்றேன். சகுனம் ஏற்பாடு செய்வது என் வேலை இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

நாங்கள் வழக்கமாக நடக்கும் நேரத்தில்தான் அந்தப் பையன் கிளம்பினான். வழக்கமாக நடக்கும் திசைதான். அவன் பார்த்துச் சிரித்தான். இதில் ஏற்பாடு எதுவும் இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. அரைக் கிலோ இனிப்போடு வந்தார்கள். பூனைக்குப் பால் பேடா கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது என்றேன்.

அவன் நன்றாகப் படிப்பவன். கிடைக்காமல் போயிருந்தால்தான் வியப்பு. இதை நான்கு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

ராஜாமணி அக்கா வந்தார். இந்தத் தடவை பட்டுப்புடவை இல்லை, கையில் ஒரு கிண்ணம் பருப்புப் பொடி.

"கண்ணு" என்றார். நான் எச்சரிக்கையானேன். அவர் கோபத்தில் 'மேடம்' என்பார், காரியம் இருந்தால் 'கண்ணு'.

பொள்ளாச்சிக்காரர்கள் அடுத்த ஞாயிறு மறுபடி வருகிறார்களாம். நல்ல குடும்பம், தென்னந்தோப்பு, பையனுக்குக் கெட்ட பழக்கம் கிடையாது. பெரியப்பாதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர். அவர் காரைவிட்டு இறங்கும்போது மிக்சர் அவருக்கு இடமிருந்து வலமாகப் போகவேண்டும்.

"அன்னைக்குக் கெட்டதக் காமிச்ச அதே பூனை, இன்னைக்கு நல்லதக் காமிச்சுதுன்னா அவரு மனசு நெறைஞ்சு போயிருமுங்க."

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லீங்கக்கா."

"உங்களுக்கு எதுக்குங்க நம்பிக்கை? கயிறு மட்டும் புடிங்க. நம்பறத நாங்க பாத்துக்கறோம்."

பிறகு குரல் தணிந்தது. "அவங்கப்பா போயி ஆறு வருசமாச்சு. இவளை ஒரு எடத்துல குடுத்துட்டா நானும் படுத்துத் தூங்குவேன். நீங்க தனியாளு, உங்களுக்கு இந்தக் கவலை தெரியாது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் பொடியை முகர்ந்து பார்ப்பதுபோல இருந்தேன்.

போகும்போது இன்னொன்று சொன்னார். அவர்கள் வரும் அந்த ஞாயிறு மாலையே சங்கக் கூட்டம். இந்த இடம் கூடி வந்தால் பூனைமேல் கொடுத்த புகாரை அவரே திரும்பப் பெற்றுக்கொள்வார். மறுபடி கறுப்புப் பக்கம் காட்டினால், தீர்மானப்படி அது அன்றைக்கே போகவேண்டும்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது பூனை எதுவும் குறுக்கே போகவில்லை. அவர்கள் உள்ளே வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, காபி குடித்து, எல்லா நல்ல சகுனத்தோடும்தான் திரும்பிப் போனார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

வண்டி நிறுத்துமிடத்தில் சிந்துஜாவின் ஸ்கூட்டியைக் கண்டதும் மிக்சர் கயிற்றோடு என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. நேராக அவளுடைய கைப்பையில் மூக்கை வைத்தது. பைக்குள்ளிருந்து நெத்திலி வாசம்.

அவளே சொன்னாள்.

"ஆன்ட்டி, அன்னைக்கு கேட் பக்கத்துல கருவாடு போட்டது நான்தான்."

"தெரியும்" என்றேன். தெரியாது. ஆனால் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

சிந்துஜா பம்ப் கம்பெனி ஒன்றில் வடிவமைப்புப் பொறியாளர். புனே கிளையில் புதுப் பிரிவு தொடங்குகிறார்கள், அவளை அழைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் சேரவேண்டும். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லவே தெரியாது அவளுக்கு. வேண்டாம் என்று ஆரம்பித்தால் அம்மா அழுவதில்லை, கோபப்படுவதில்லை, உடனே சோறு போட்டுத் தட்டை நீட்டிவிடுகிறார்.

"ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை கறுப்புப் பக்கமாப் போகட்டும் ஆன்ட்டி. அவங்க மூணாவது தடவை வரமாட்டாங்க."

"கறுப்புப் பக்கம் போனா மிக்சர் வெளியே போகணும். தீர்மானம்."

"நான் புனேக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"வேண்டாம்" என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன்போல. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஆன்ட்டி, அது உங்க பூனை இல்லீன்னு சொன்னீங்களாமா?"

"மார்ச் மாதப் பயணம் பூனைக்கு ஆகாது" என்றேன். இது எங்கேயோ படித்தது. எங்கே என்று நினைவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

மஞ்சள் என்றால் மிக்சர் இங்கே, சிந்துஜா பொள்ளாச்சி. கறுப்பு என்றால் சிந்துஜா புனே, மிக்சர் வெளியே.

பிப்ரவரி 19, புதன்

ராஜாமணி அக்கா ஒத்திகை கேட்டார். செய்தோம். அவரே பெரியப்பாவாக நின்றார். மிக்சர் மிக அழகாக இடமிருந்து வலமாக நடந்தது.

"தங்கம்" என்றார். என்னை இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

சிந்துஜா அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்து ஒத்திகை கேட்டாள். செய்தோம். மிக்சர் மிக அழகாக வலமிருந்து இடமாக நடந்தது.

நன்றாகப் பழகிவிட்டது. சொன்ன திசையில் போகும் பூனையைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. இவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்க வேண்டாம்.

"எங்கம்மாகிட்ட நீங்க பேசுங்களேன் ஆன்ட்டி" என்றாள்.

"நீ பேசு."

"நீங்க மட்டும் உங்க அம்மாகிட்டப் பேசினீங்களா?"

பொறியியல் படித்த பெண்களிடம் இதுதான் தொந்தரவு. எதிர்க்கேள்வி கேட்டுவிடுகிறார்கள். நேரமாகிவிட்டது என்று மேலே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

நாளை மாலை வருகிறார்கள். மூன்று மணிக்கு என்று பேச்சு. நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும், அதற்குள் பார்த்துப் பேசிக் கைநனைத்துக் கிளம்பவேண்டுமாம். ஆறு மணிக்குச் சங்கக் கூட்டம்.

அம்மா கேட்டது ஒரு பக்கம், மகள் கேட்டது இன்னொரு பக்கம். இருவரிடமும் "பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன். இருவரும் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. பூனை போவது பூனையின் விருப்பம், நான் கயிற்றைப் பிடிக்கிறவள் மட்டும்.

கடைவீதிக்குப் போய்ப் பருப்பு, சோப்பு, சிவப்பு மை வாங்கினேன். மத்தி மீன் மலிவாக இருந்தது. அரைக் கிலோ வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். நான் மீன் சாப்பிடுவதில்லை. மலிவாக இருந்தது, அதனால்.

விடைத்தாள் இன்னும் பாதி இருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்று மணி என்றவர்கள் நாலு மணிக்கு மேல் வந்தார்கள். கிணத்துக்கடவில் வண்டி நெரிசலாம். ராஜாமணி அக்கா வாசலில் நின்றார், அதே பட்டுப்புடவை. மருதாசலம் ஐயா சங்கத்தின் சார்பில் கேட்டோரம் நின்றார். நான் வழக்கம்போல மிக்சரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றேன். ராஜாமணி அக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் ஒரு பக்கம் காட்டினார். சன்னல் திரைக்குப் பின்னாலிருந்து சிந்துஜா இன்னொரு பக்கம் காட்டினாள்.

கார் நின்றது. பெரியப்பா இறங்கினார். இந்தத் தடவை இரண்டு கால்களும் தரையில். நிமிர்ந்தார். மிக்சர் நடைபாதையின் நடுவே வந்தது. அவருக்கும் ராஜாமணி அக்காவுக்கும் சரியாக நடுவில் நின்று, இரண்டு பேரையும் பார்த்தது. பிறகு பொத்தென்று சாய்ந்து படுத்துவிட்டது.

யாரும் அசையவில்லை.

"இது அதே பூனைதானுங்களா?" என்றார் பெரியப்பா.

"அதேதானுங்க. இப்பக் கயிறு இருக்குது" என்றார் மருதாசலம் ஐயா.

"போகுமுங்களா?"

"அதத்தானுங்க நாங்களும் பாத்துட்டிருக்கறோம்."

"தூக்கிருங்க கண்ணு" என்றார் ராஜாமணி அக்கா.

"எந்தப் பக்கமாத் தூக்கிட்டுப் போறதுங்கக்கா?" என்றேன். நியாயமான கேள்விதான்.

"நாம தாண்டிப் போயிருவமா?" என்று காருக்குள்ளிருந்து யாரோ கேட்டார்கள்.

பெரியப்பா அதைத் தீவிரமாக யோசித்தார். "தாண்டுனா நாம அதுக்குக் குறுக்க போறமாட்ட ஆயிரும். வாயில்லா சீவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பாவம் நமக்கு" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

மிக்சர் வயிற்றை வானத்துக்குக் காட்டிப் புரண்டது. வெள்ளை. அந்த நிறத்துக்கு யாரிடமும் விதி இல்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளைப் பையன் காரைவிட்டு இறங்கிச் சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றான். நெடிய, கூச்சமுள்ள பையன். உள்ளேயிருந்து சிந்துஜா காபித் தட்டோடு வந்தாள்.

"ஏஞ்சாமி, நீ எதுக்கு வெளிய வர்றே?" என்றார் ராஜாமணி அக்கா.

"காபி ஆறுதும்மா."

பூனைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கு இந்தப் பக்கமிருந்தே எட்டி எட்டிக் கொடுத்தாள். பையன் வாங்கிக்கொண்டான். பேச வேறு எதுவும் இல்லாததால் கேட்டான்.

"எந்தக் கம்பெனிங்க நீங்க?"

"பம்ப் கம்பெனிங்க. டிசைன்." தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "அடுத்த மாசம் புனேல சேர்றேன்."

"புனேயா?" என்றார் ராஜாமணி அக்கா.

"மூணு மாசமாச் சொல்லணும்னு இருக்கேம்மா. நீ சோறு போட்டுடறே." பையனைப் பார்த்தாள். "எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாங்க. உங்களைக் கொறை சொல்லறதுக்கு ஒண்ணுமில்லீங்க. வேண்டாம், அவ்வளவுதான்."

ராஜாமணி அக்கா மகளைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், யாரைத் திட்டுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

பையன் காபியை முழுதாகக் குடித்துவிட்டு தம்ளரைத் தட்டில் வைத்தான். "நேராச் சொன்னீங்கள்ல, அதுவே போதுமுங்க. அன்னைக்கு வண்டியிலயே திரும்பிப் போனமே, ஒரு மாசமா எனக்கு நாந்தான் ஏதோ ஆகாதவனாட்ட இருந்துச்சு." பிறகு குனிந்து மிக்சரின் தலையை ஒரு விரலால் தடவினான். "இதும் பாவம், என்ன பண்ணும்" என்றான்.

பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. "ராகு காலம் வந்துருச்சு, இனி இங்க ஒண்ணும் பேசறதுக்கில்லீங்" என்று கும்பிட்டார். கோபம் இல்லை. பூனை குறுக்கே போகவில்லை என்பதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. கார் போனது.

சிந்துஜாவும் அம்மாவும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெகுநேரம் பேச்சுக்குரல் கேட்டது. இரண்டு குரலும் கேட்டது. கதவு திறந்திருந்தால் நான் மேலே போயிருப்பேன். சாத்தியிருந்ததால் கொஞ்ச நேரம் படியிலேயே நின்றேன்.

மிக்சர் தானாக எழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு போனேன். கனமாக இருந்தது.

ஆறு மணிக்குக் கூட்டம். முதல் பொருள் பூனை. மருதாசலம் ஐயா தீர்மானத்தை வாசித்தார். எல்லோரும் ராஜாமணி அக்காவைப் பார்த்தார்கள். கண் சிவந்திருந்தது. முகம் கழுவிவிட்டு வந்திருந்தார்.

"கெட்ட சகுனமாக் குறுக்க போனா அனுப்பணும்ங்கறதுதானுங்க தீர்மானம்?" என்றார்.

"ஆமாங்."

"அது போகலீங். படுத்துச்சு. படுத்ததுக்குத் தீர்மானம் இருக்குதுங்களா?"

மருதாசலம் ஐயா தாளைத் திருப்பிப் பார்த்தார். இல்லை. வேண்டுமானால் இப்போது ஒன்று போடலாம் என்றார். வேண்டாம் என்றார்கள். பூனை இருக்கலாம், கயிறோடு, என்று முடிந்தது.

கலையும்போது ராஜாமணி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். 

"புனேல குளிரு எப்படீங்க?"

"இந்த மாசம் போயிடும். பரவாயில்லீங்கக்கா."

"ஒரு கம்பளி எடுக்கணும்." பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க. அது வயிறு ஏனுங்க அப்படி உப்பிக் கெடந்துச்சு?"

"மத்தி மலிவாக் கெடச்சதுங்க."

"எவ்வளவு?"

"அரைக் கிலோ."

"அரைக் கிலோவா கண்ணு" என்றார். காரியம் எதுவும் இல்லாமல் அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

ஒரு விவரம் விட்டுப்போயிற்று. முக்கியமில்லை, முழுமைக்காக எழுதுகிறேன். கூட்டத்துக்குப் புறப்பட்டுக் கதவைத் திறந்தபோது, தூங்கி எழுந்த மிக்சர் சோம்பல் முறித்துவிட்டு எனக்கு முன்னால் போனது. வலமிருந்து இடம். கறுப்பு. கூடத்தில் வேறு யாரும் இல்லை. நான் உள்ளே திரும்பி, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு இறங்கினேன்.

மாசி மாத வெயில். தாகம் எடுக்காதா?